காரில்லாமல் ஆங்கிலக் கிராமத்தில் சில நாள்: ஹாதர்சேஜ், கிங்ஹம், கிராஸ்மியர், ஹார்ட்டன் – எதில் தங்குவது?

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேன் நிறக் கல் வீடு, வாசலில் ரோஜாக்கொடி, பக்கத்தில் ஓடை. இரவு எட்டரைக்கு மேல் சாப்பாடு கிடைக்குமா, ஞாயிற்றுக்கிழமை பஸ் உண்டா, வீட்டு வாசலிலிருந்தே நடக்கப் பாதை இருக்கிறதா என்பதெல்லாம் படத்தில் தெரியாது. ஒரு பகல் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு அழகு போதும். நான்கைந்து இரவு தங்கி, தினம் ஒரு திசையில் போய் வர நினைப்பவர் இந்த மூன்றையும் விசாரித்துவிட்டு அழகுக்கு வருவது நல்லது. அழகுக்கு அங்கே பஞ்சமே கிடையாது.

இங்கே ஒப்பிடுவது நான்கு ஊர்களை: பீக் டிஸ்ட்ரிக்டில் ஹாதர்சேஜ், காட்ஸ்வோல்ட்ஸில் கிங்ஹம், லேக் டிஸ்ட்ரிக்டில் கிராஸ்மியர், யார்க்‌ஷயர் டேல்ஸில் ஹார்ட்டன்-இன்-ரிப்பிள்ஸ்டேல். நான்குக்கும் கார் இல்லாமலே போய்ச் சேரலாம். கார் வைத்திருப்பவருக்குத் தேர்வு இன்னும் விரிவானது, ஆனால் தொல்லையும் கூடுதல். கிராமத்துச் சாலைகள் பல இடங்களில் ஒரு வண்டி அகலம்தான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடம் வரை பின்னோக்கி ஓட்டத் தெரிய வேண்டும். பார்க்கிங் காலை பத்து மணிக்கே நிரம்பிவிடும்.

போய்ச் சேரும் நேரம்

லண்டனிலிருந்து கிளம்பினால் கிங்ஹம்தான் மிகப் பக்கம். பேடிங்டனில் ஏறினால் மாறாமல் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஹாதர்சேஜுக்கு செயின்ட் பாங்கராஸிலிருந்து ஷெஃபீல்டு வரை இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கே மாறி இன்னும் இருபது நிமிடம். மாறக் காத்திருப்பதையும் சேர்த்தால் மூன்று மணி நேரம். ஹார்ட்டனுக்கு லீட்ஸில் மாற வேண்டும். கிராஸ்மியரில் ரயில் நிலையமே இல்லை: யூஸ்டனிலிருந்து ஆக்ஸன்ஹோம், அங்கே கிளை ரயிலில் விண்டர்மியர், பிறகு பஸ். இந்த இரண்டுக்கும் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. அதனால் இரண்டு இரவு மட்டும் கையில் உள்ளவர் கிராஸ்மியருக்கும் ஹார்ட்டனுக்கும் போக வேண்டாம் என்பேன். போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் ஒரே நாள். அந்த நாளில் மழை பிடித்துக்கொண்டால் கதை முடிந்தது.

ஹாதர்சேஜ்: முதல் முறை போகிறவருக்கு என் பரிந்துரை

ஷெஃபீல்டுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவே ஹோப் பள்ளத்தாக்கு வழியே 1894-இல் திறந்த ரயில் பாதை போகிறது. கிரிண்டில்ஃபோர்டு, ஹாதர்சேஜ், பாம்ஃபோர்டு, ஹோப், ஈடேல் என்று ஐந்து நிலையங்கள் அடுத்தடுத்து வரும். எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயில் ஏறத்தாழ மணிக்கு ஒன்று. இந்த ஊரின் பலமே இதுதான். ஒரு நிலையத்தில் இறங்கி, மலை மேல் நடந்து, வேறொரு நிலையத்தில் ஏறித் திரும்பலாம். காரை நிறுத்தியவர் காருக்கே திரும்பி வர வேண்டும். ரயிலில் போனவருக்கு அந்தக் கட்டு இல்லை.

ஊர் சின்னது. ஆனாலும் மளிகைக் கடை, மருந்துக்கடை, மழைக்கோட்டும் மலைக் காலணியும் விற்கும் கடை, சாப்பிட ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் எல்லாம் நடக்கும் தூரத்தில். 1936-இல் கட்டிய திறந்தவெளி நீச்சல் குளம் ஒன்று உண்டு, வெதுவெதுப்பாகச் சூடாக்கிய நீரோடு. கால் வலித்த நாளில் அதன் அருமை தெரியும்.

வாசலிலிருந்து தொடங்கும் முக்கிய நடை ஸ்டேனேஜ் எட்ஜ். மணற்பாறை விளிம்பு ஒன்று ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஒரே கோடாக நீள்கிறது. மெயின் ரோட்டிலிருந்து பால்க் லேன் வழியாக வடக்கே ஏறி, புரூக்ஃபீல்டு மேனரைத் தாண்டி, நார்த் லீஸ் ஹால் என்ற பழைய கோபுர வீட்டின் பக்கமாக மேலேறினால் ஸ்டேனேஜ் தோப்பு வரும். மரங்களுக்கு நடுவே கல் பாவிய பாதை பாறையின் உச்சிக்கே கொண்டு விடும். மேலே இடப்பக்கம் திரும்பினால் ஹை நெப் என்ற 458 மீட்டர் முனை. அதைப் பார்த்துவிட்டு வந்த வழியே விளிம்போடு தெற்குக் கோடி வரை நடந்து, ஹூக்ஸ் கார் பக்கம் இறங்கி ஊருக்குத் திரும்பலாம். மொத்தம் 14 கிலோமீட்டர் அளவு, ஏற்றம் 400 மீட்டருக்குள். பாறையின் மேல்தளத்தைக் குனிந்து கவனியுங்கள்: உள்ளங்கை ஆழத்துக்குக் குடைந்த குழிகள், அவற்றில் நீர் வந்து சேர வெட்டிய சிறு வாய்க்கால்கள், பக்கத்தில் செதுக்கிய எண்கள். மனிதர்கள் வேட்டையாடும் குரௌஸ் என்ற பறவை தண்ணீர் குடிப்பதற்காக நூறாண்டுக்கு முன் வெட்டியவை. விளிம்பின் அடியில் புல்லுக்குள் ஆலைக் கற்கள் வட்ட வட்டமாகக் கிடக்கும். செதுக்கி முடித்தபின் வாங்க ஆளில்லாமல் விட்டுப்போனவை.

இங்கே தவறாகப் போவது பெரும்பாலும் காற்றால்தான். கீழே ஊரில் இலை அசையாது. விளிம்பின் மேல் நின்றால் தொப்பி பறக்கும். ஜூலையிலும் காற்றுத் தடுக்கும் மேலுறை பையில் இருக்கட்டும். விளிம்புக்கு வேலி கிடையாது. பல இடங்களில் செங்குத்தாக 15 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. சிறு பிள்ளைகளோடு போனால் விளிம்பை ஒட்டிய பாதையை விட்டு உள்பக்கமாக நடக்க வேண்டும்.

இரண்டாம் நாளுக்கு ரயிலில் ஈடேல். நிலையத்திலிருந்து தெற்கே ஹாலின்ஸ் கிராஸ் கணவாய்க்கு ஏறி, வலப்பக்கம் மாம் டோர் (517 மீட்டர்) போய் வந்து, பிறகு முகடு வழியே கிழக்கே பேக் டோர், லூஸ் ஹில் (476 மீட்டர்) தாண்டி ஹோப்புக்கு இறங்கினால் 11 கிலோமீட்டர் அளவு. மழைக்குப் பின் பேக் டோர் பக்கம் படிகள் வழுக்கும், நிதானம் தேவை. ஹோப் நிலையம் ஊருக்குள் இல்லை. ஊரைத் தாண்டிக் கிழக்கே ஒரு கிலோமீட்டர். இதை மறந்து ஊரில் தேநீர் குடித்துக்கொண்டே ரயிலைக் கோட்டைவிடுகிறவர்கள் ஏராளம். மாம் டோரின் அடியில் உடைந்து சரிந்து கிடக்கும் தார் ரோடு, நிலச்சரிவைத் தாக்குப்பிடிக்க முடியாமல் 1979-இல் மூடிய பழைய நெடுஞ்சாலை.

அப்படியானால் ஈடேலிலேயே தங்கலாமே என்று தோன்றும். பென்னைன் வே என்னும் 431 கிலோமீட்டர் நெடும்பாதை தொடங்குவது அங்கேதான். அமைதியும் ஹாதர்சேஜைவிட அதிகம். ஆனால் இரண்டு பப், ஓரிரு கஃபே என்ற அளவுக்குத்தான் வசதி. நாலைந்து நாளுக்கு வேண்டிய மளிகையை அங்கே வாங்க முடியாது, போன் சிக்னலும் பலவீனம். கிண்டர் ஸ்கவுட் பீடபூமியை (636 மீட்டர்) முழு நாள் சுற்ற விரும்பும் அனுபவசாலிக்கு ஈடேல் சரி. தனியார் நிலத்தில் பொதுமக்கள் நடக்கக் கூடாது என்ற தடையை மீறி 1932-இல் நானூறு பேர் அளவில் ஏறியது இந்த மலைமேல்தான். ஐந்து பேர் சிறை போனார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக வந்த சட்டத்தின் கீழ் 1951-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது பீக் டிஸ்ட்ரிக்ட். கிண்டரின் உச்சி ஒரு கூம்பு அல்ல. ஆள் உயரக் கருமண் பிளவுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் சதுப்பு. மேகம் இறங்கினால் திசை அறவே தெரியாது. காம்பஸ் பார்க்கத் தெரியாதவர் மேகமுள்ள நாளில் விளிம்புப் பாதையை விட்டு உள்ளே போகக் கூடாது.

கிங்ஹம்: பெற்றோரோடு போகிறவருக்கு, ஆனால் ஒரு நிபந்தனை

காட்ஸ்வோல்ட்ஸ் என்றதும் எல்லோரும் போவது பைபரிக்கும் போர்ட்டன்-ஆன்-த-வாட்டருக்கும். பகலில் அங்கே பஸ் பஸ்ஸாக ஆள் இறங்குகிறது. அமைதியைத் தேடிப் போகிறவர் அங்கே தங்குவதில் அர்த்தமில்லை. கிங்ஹமில் தங்கி ஒரு காலை நேரத்தில் எட்டிப் பார்த்தால் போதும்.

கிங்ஹமைச் சுற்றி மலை கிடையாது. ஈவன்லோடு ஆற்றுப் புல்வெளி, கோதுமை வயல், மெல்லிய மேடுகள். முழங்கால் வலி உள்ளவரும் நடக்கலாம். பிளெடிங்டன் வழியாக ஆக்ஸ்ஃபோர்டுஷயர் வே என்ற குறியிட்ட பாதை போகிறது. அதைப் பிடித்து புரூயர்ன், ஷிப்டன், ஆஸ்காட் தாண்டி சார்ல்பரி வரை 17 கிலோமீட்டர் அளவு நடந்து, அதே ரயில் பாதையில் திரும்பலாம். களைத்துப்போனால் இடையில் ஷிப்டனில் ஏறிவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம்; ஷிப்டனிலும் ஆஸ்காட்டிலும் நிலையம் உண்டு, நிற்கும் ரயில்கள் மிகக் குறைவு. சார்ல்பரியில் ஏறத்தாழ மணிக்கு ஒன்று நிற்கும்.

வடக்கே உள்ள ஊர்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மூர் நிலம் (பயிரிடாத திறந்த புதர்வெளி), பொதுப் புல்வெளிகளில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமையைத் தந்தது. ஹாதர்சேஜின் மேலே பெரும்பகுதி அப்படிப்பட்ட நிலம். கிங்ஹமைச் சுற்றி இருப்பதோ பயிர் நிலம். குறியிட்ட கோட்டில்தான் நடக்க வேண்டும். மஞ்சள் அம்பு நடப்பவருக்கு, நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. வயலின் நடுவே பாதை போனால் பயிருக்குள் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஓரமாகச் சுற்றிப் போக வேண்டியதில்லை.

நிபந்தனை என்றது இதைத்தான்: நவம்பரிலிருந்து மார்ச் வரை வேண்டாம். களிமண் காலணியில் அப்பி ஒவ்வொரு அடியும் கனக்கும். ஆற்றோரப் பாதைகளில் வெள்ளம் நிற்கும். நிலையம் ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, இருட்டில் டார்ச் தேவை. ஊர் பப்களில் சாப்பாடு நன்றாக இருக்கும், விலையும் அதற்கேற்ப. அதிகம் நடக்க முடியாத பெற்றோர் என்றால் அடுத்த நிலையமான மோர்டன்-இன்-மார்ஷ் மேல். கிராமம் அல்ல, சிறு நகரம். கடைகள் உண்டு, செவ்வாய்க்கிழமைச் சந்தை உண்டு, ஸ்டோவுக்கும் போர்ட்டனுக்கும் 801 எண் பஸ் போகும்.

கிராஸ்மியர்: பகலில் கூட்டம், மாலையில் அமைதி

காலை பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை கிராஸ்மியரை அமைதியான ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கவிஞர் வேர்ட்ஸ்வர்த் 1799 முதல் 1808 வரை வாழ்ந்த டவ் காட்டேஜ் இங்கே. 1854-இலிருந்து விற்கும் இஞ்சி ரொட்டிக் கடையில் வரிசை நிற்கும். ஐந்து மணிக்குப் பின் தங்குகிறவர்கள் மட்டும் மிஞ்சும்போது ஊர் முற்றிலும் வேறு. ஆகவே பகலில் ஊரைவிட்டு மலைக்குப் போய்விட வேண்டும்: ஈஸ்டேல் டார்ன் ஏரிக்குப் போய்வர இரண்டரை முதல் மூன்று மணி நேரம், ஹெல்ம் கிராக் 405 மீட்டர்தான், ஏற்றம் செங்குத்து. உச்சியின் உண்மையான முனை ஒரு தனிப்பாறை. அதன் மேல் ஏறக் கைப்பிடி தேட வேண்டியிருக்கும். ஏறாமல் திரும்புவதில் குறையில்லை.

காரில்லாதவருக்கு இந்த ஊரின் உயிர்நாடி 555 எண் பஸ். கெண்டல், விண்டர்மியர், ஆம்பிள்சைடு, கிராஸ்மியர், கெஸ்விக் என்று ஞாயிறு உட்பட எல்லா நாளும் ஓடுகிறது. முன்பு பிணங்களைத் தேவாலயத்துக்குச் சுமந்து சென்ற பழைய வழியே ரைடல் தாண்டி ஆம்பிள்சைடு வரை நடந்து, பஸ்ஸில் திரும்புவது மழை நாளிலும் செய்யக்கூடியது. அப்படி ஒரு நடை கைவசம் இருப்பது முக்கியம், ஏனென்றால் இங்கே மழை விளையாட்டல்ல. பக்கத்துப் பள்ளத்தாக்கான சீத்வெயிட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. லண்டனில் 600 அளவுதான். ஐந்து இரவுக்குக் குறைவாகத் திட்டமிட்டால் தெளிந்த நாள் ஒன்றாவது கிடைக்கும் என்று நம்புவதற்கில்லை.

ஹார்ட்டன்: கால் பலம் உள்ளவருக்கு

பென்-ய-கெண்ட் (694 மீட்டர்), வெர்ன்சைடு (736), இங்கிள்பரோ (723) ஆகிய மூன்று சிகரங்களையும் 12 மணி நேரத்துக்குள் சுற்றி முடிப்பது பெயர்பெற்ற சவால், 39 கிலோமீட்டர். பலரும் ஹார்ட்டனில்தான் தொடங்குகிறார்கள். மே முதல் செப்டம்பர் வரை சனிக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கே கார்க் கதவுகள் அறையும் சத்தம் கேட்கும். திங்கள் முதல் வியாழன் வரை தங்கினால் அதே ஊரில் ஆட்டுக்குட்டியின் குரலைத் தவிர வேறு சத்தம் இருக்காது.

பென்-ய-கெண்டை மட்டும் சுற்றி வர 10 கிலோமீட்டர் அளவு. பிராக்கன்பாட்டம் பக்கமாக ஏறுங்கள், மறுபக்கமாக இறங்குங்கள். தென்முனையில் இரண்டு படிநிலைப் பாறைகளைக் கையூன்றி ஏற வேண்டும். ஈரத்தில் அவற்றில் இறங்குவது ஏறுவதைவிட மிகவும் கடினம். இறங்கும் வழியில் ஹல் பாட் என்ற பெரும் பள்ளம், 90 மீட்டர் நீளத்துக்குத் தரை வாய் பிளந்து கிடக்கும். பெருமழைக்குப் பின் அருவி அதற்குள் விழுவதைப் பார்க்கலாம். அடுத்த நிலையம் ரிப்பிள்ஹெட். 24 வளைவுகள் கொண்ட ரயில் பாலத்தின் அடியிலேயே நடந்து பார்க்கலாம். ஊரில் கடை வசதி சொற்பம், ரயில் சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. தெற்கே அடுத்த நிலையமான செட்டிலில் இறங்கி மளிகை வாங்கிக்கொண்டு போவது நல்லது.

எந்த ஊரானாலும் சாப்பாடு

பப்பில் சமையலறை பெரும்பாலும் இரவு எட்டரை அல்லது ஒன்பதுக்கு மூடிவிடும். மதியம் இரண்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் நடுவிலும் பல இடங்களில் அடுப்பு எரியாது. ஞாயிறு மாலை, திங்கள், செவ்வாய் முழுவதும் மூடும் இடங்களும் உண்டு. ஊரில் ஒரே பப் என்றால் அறையைப் பதிவு செய்யும் அன்றே சாப்பாட்டு மேசையையும் கேட்டுவிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர் மெனுவில் தனிப் பகுதி இருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது. ஞாயிறு விருந்தின் வறுத்த உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பில் வெந்திருக்கலாம், மேலே ஊற்றும் கிரேவி மாட்டிறைச்சிச் சாறாக இருக்கலாம். வடக்கே, அதிலும் யார்க்‌ஷயரில், மீன் கடைச் சிப்ஸ் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது வழக்கம். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். கேட்க வேண்டும், அவ்வளவுதான். குடும்பமாகப் போகிறவர் சமையலறை உள்ள காட்டேஜ் எடுத்து, அரிசி பருப்பை ஷெஃபீல்டிலோ லண்டனிலோ வாங்கிப் போனால் பாதிக் கவலை தீரும். பழைய வீடுகளில் கூரை தாழ்வு; மிளகாய் தாளித்தால் புகை அலாரம் அலறும். தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கோடையில் காட்டேஜ்கள் பெரும்பாலும் வெள்ளியிலிருந்து வெள்ளி, அல்லது சனியிலிருந்து சனி என வாரக் கணக்கில்தான் கிடைக்கும். மூன்று நான்கு இரவுக்கு விருந்தினர் விடுதி பார்க்க வேண்டும்.

வரைபடமும் நேரக் கணக்கும்

வாங்க வேண்டியது ஓஎஸ் (ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டனின் வரைபட நிறுவனம்) எக்ஸ்ப்ளோரர் வரிசை, 1:25,000 அளவு, ஆரஞ்சு அட்டை. வடக்கே உள்ள மூன்று ஊர்களுக்கு முறையே ஓஎல் 1 (ஹாதர்சேஜ்), ஓஎல் 7 (கிராஸ்மியர்), ஓஎல் 2 (ஹார்ட்டன்). பச்சைக் கோடுகள் உரிமையுள்ள பாதைகள். காகித வரைபடத்தோடு வரும் எண்ணைப் போட்டால் போனிலும் இறக்கிக்கொள்ளலாம்; சிக்னல் உள்ள இடத்தில், முந்தின இரவே செய்துவிட வேண்டும்.

ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் செல்லும்: மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். பழக்கமில்லாதவர் மணிக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளட்டும். ஸ்டேனேஜ் சுற்றுக்கு 14-ஐ 4-ஆல் வகுத்தால் மூன்றரை மணி, ஏற்றத்துக்கு 40 நிமிடம், உட்காரவும் சாப்பிடவும் ஒரு மணி: ஐந்து மணி நேரத்துக்கு மேல். ஜூனில் இரவு ஒன்பதரைக்குத்தான் சூரியன் மறையும், அவசரமில்லை. டிசம்பரில் நாலு மணிக்குள் இருட்டிவிடும். பத்து மணிக்குக் கிளம்பினால் கூடுதலாகக் கையில் ஒரு மணி நேரம்கூட இருக்காது.

கன்றோடு பசு நிற்கும் வயலில் கன்றுக்கும் தாய்க்கும் நடுவே நுழையாதீர்கள். வேலியோரமாகச் சுற்றிப் போங்கள். கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடவும். மலையில் விபத்து நேர்ந்தால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேட்க வேண்டும்.

முடிவு எடுக்க

கையில் மூன்று நான்கு இரவு, கார் இல்லை, நடக்கப் பிடிக்கும் என்றால் ஹாதர்சேஜ். ஆகஸ்டில் போனால் மூர் நிலம் முழுக்க ஹெதர் என்ற குறுஞ்செடி பூத்து ஊதாவாக இருக்கும். வயதானவர்களோடு, மேயிலோ செப்டம்பரிலோ, லண்டனிலிருந்து அலைச்சல் குறைவாக வேண்டும் என்றால் கிங்ஹம். நடை குறைவு என்றால் மோர்டன். ஒரு முழு வாரம் இருந்து மழையைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் கிராஸ்மியர், அக்டோபரில் இலை நிறம் மாறும் நேரமாகப் பார்த்து. தினம் 15 கிலோமீட்டர் நடந்து பழகியவர் வார நாளில் ஹார்ட்டன் போகலாம்.

ஊரை முடிவு செய்தபின் முதலில் தேடவேண்டியது ரயில் டிக்கெட் அல்ல, அறை. இந்த ஊர்களில் அறைகள் குறைவு. வார இறுதியில் இரண்டு இரவுக்குக் குறைவாகக் கொடுக்கவும் மாட்டார்கள். ஞாயிறு மாலை வந்து வியாழன் கிளம்புவதாகத் தேதியை நகர்த்த முடிந்தால் வாடகையும் குறையும், பாதையிலும் கூட்டம் இருக்காது. பதிவு செய்த கையோடு, நீங்கள் போகும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ரயில் பாதைப் பராமரிப்பு வேலை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ரயிலுக்குப் பதில் பஸ் விடும் நாளானால் பயணம் ஒரு மணி நேரம் நீளும்.